மாஸ்டர் டேப் பதிவு

படத்தொகுப்பு முடிந்த நிகழ்ச்சியைக் கணினியிலிருந்து வீடியோ டேப்பில் பதிந்தெடுக்கும் வேலை மாஸ்டர் டேப் பதிவு எனப்படும். கோப்பாகவே நிகழ்ச்சியை அனுப்பும் முறை பரவும் வரை, தொலைக்காட்சி நிலையங்கள் இப்படிப் பதிந்த டிஜிட்டல் பீட்டாகாம், டிவிகேம், எச்டிகேம் டேப்புகளையே கேட்டு வாங்கின. 1999இல் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் ப்ரோ, இந்த வேலையைச் சிறு ஸ்டுடியோக்களுக்கும் எட்டச் செய்தது.

அந்த மென்பொருளில் இதற்கு இரு கட்டளைகள் இருந்தன. ‘பிரின்ட் டு வீடியோ’, தொகுத்த காட்சிகளின் வரிசையான டைம்லைனை ஓடவிடும். டேப் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து பதிவாகும். ‘எடிட் டு டேப்’, டேப்பை ஓட்டிப் பதியும் கருவியான டெக்கையே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உரிய நேர எண்ணான டைம்கோடில் குறித்த இடத்துக்குச் சில நொடிகள் பின்னே டேப்பைச் சுற்றி, ஓடவிட்டு, வேகம் சீரானதும் சரியான ஃப்ரேமில் பதிவைத் தொடங்கும். இந்த முன்னோட்டத்துக்கு ப்ரீரோல் என்று பெயர். தொழில்முறை டெக்குகளுக்கு ஆர்எஸ்-422 கேபிள் வழியாகவும், டிவி (DV, டிஜிட்டல் வீடியோ) வகை டெக்குகளுக்கு ஃபயர்வயர் வழியாகவும் ஆணைகள் போகும்.

டேப்பின் உயிர்நாடி டைம்கோடுதான். அது நடுவில் அறுந்தால் டெக் இடம் தெரியாமல் தடுமாறும். ஆகவே புதிய டேப்பில் முதலில் கறுப்புப் படத்தையும் தொடர் டைம்கோடையும் பதிந்து வைப்பார்கள். நிகழ்ச்சியின் முதல் ஃப்ரேம் அமெரிக்காவில் 01:00:00:00இலும், பிரிட்டனில் 10:00:00:00இலும் விழுவது மரபு. பூஜ்யத்தில் தொடங்கினால், அதற்கு முன் வரவேண்டிய கலர் பார், ஒலி அளவு பார்க்கும் டோன், நிகழ்ச்சி விவர அட்டை ஆகியவை 23 மணிக் கணக்கில் விழுந்து டெக்கைக் குழப்பும்.

பதிவில் அசெம்பிள், இன்சர்ட் என இரு வகை உண்டு. அசெம்பிள் முறை படம், ஒலி, டைம்கோடு எல்லாவற்றையும் புதிதாக எழுதும். நிறுத்திய இடத்தில் தொடர்ச்சி அறுந்துவிடும். இன்சர்ட் முறை வேண்டியதை மட்டும் மாற்றும்; அதன் அருமை திருத்தத்தில் தெரியும். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் 10:12:05:00இல் வரும் பெயர் எழுத்துப் பிழையாக இருந்தால், அந்த நான்கு நொடிப் படத்தை மட்டும் மாற்றிவிடலாம். கீழே ஓடும் பேச்சு அப்படியே இருக்கும். ஃபயர்வயரில் இணைத்த டிவி டெக்குகளில் இந்த வசதி கிடையாது. அங்கே முழுவதையும் மறுபடி பதிவதே பாதுகாப்பு.

ஒரு மணி நேர நிகழ்ச்சி பதிவாக ஒரு மணி நேரமே ஆகும். டிவி வடிவத்தில் நொடிக்குச் சுமார் 3.6 மெகாபைட், மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் தடையின்றி ஓட வேண்டும். ஹார்ட் டிஸ்க் ஒரு கணம் பின்தங்கினாலும் ஃப்ரேம் விடுபடும். அப்படி விடுபட்டால் பதிவையே நிறுத்தச் சொல்லும் அமைப்பு மென்பொருளில் இருந்தது. அதை அணைக்காமல் வைத்திருப்பதே தொழில் ஒழுங்காக இருந்தது. உயர்தெளிவு வடிவமான எச்டிவியில் (HDV) இன்னொரு சுமை: டைம்லைன் முழுவதையும் மறுபடி எம்பெக்-2 ஆக்கிய பிறகே பதிவு தொடங்கும்.

வீட்டுக் கேமராக்களிலும் இதே வேலையைச் செய்ய முடிந்தது, ஐரோப்பாவில் மட்டும் ஒரு தடை. டிவி (DV) உள்ளீடு உள்ள கேமராவை அங்கே வீடியோ ரெக்கார்டராகக் கருதி அதிகச் சுங்கவரி விதித்ததால், பல மாடல்களில் அந்த உள்ளீட்டை அடைத்தே விற்றார்கள்.

2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய சுனாமி, செண்டாய் அருகே இருந்த சோனியின் டேப் ஆலையை முடக்கியது. எச்டிகேம் எஸ்ஆர் டேப்புகளுக்குக் கடும் தட்டுப்பாடு வந்து, பல நிறுவனங்கள் கோப்பு முறைக்கு வேகமாக நகர்ந்தன. அதே ஆண்டு ஜூனில் வந்த ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ், டேப்பில் பதியும் கட்டளையே இல்லாமல் வெளியானது. டேப் கேட்ட நிலையங்களுக்கு வேலை செய்தவர்கள், ஏஜேஏ, பிளாக்மேஜிக் நிறுவனங்கள் தங்கள் வீடியோ கார்டுகளோடு தந்த தனி மென்பொருள்களால் பதிவைத் தொடர்ந்தனர்.