எண்ணிக் காத்திருந்தோர்

1943ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே ஐக்கிய அமெரிக்காவின் எட்டாவது விமானப் படையைச் சேர்ந்த நூறாவது குண்டுவீச்சுக் குழு, இங்கிலாந்தின் நோர்போக் மாவட்டத்திலுள்ள தோர்ப் அபொட்ஸ் என்னும் சிற்றூரை வந்தடைந்தது. அவ்வூர் கோதுமையும் கிழங்கும் விளைகின்ற சமவெளி. வயல்களின் நடுவே ஓடுபாதைகள் அமைந்திருந்தன. அவற்றின் விளிம்புவரை உழவர் ஏரோட்டினர். ஒருபுறம் விதைப்பு நடக்க, மறுபுறம் குண்டுகள் ஏற்றப்பட்டன. ஏறத்தாழ மூவாயிரம் அமெரிக்கர் அச்சிற்றூரின் அருகே குடியேறியபோது, ஊரவர் தொகையைக் காட்டிலும் விருந்தினர் தொகையே பன்மடங்காயிற்று.

இக்குழு நான்கு அணிகளைக் கொண்டது. அவற்றுள் 418ஆம் அணியும் ஒன்று. அணியொன்றில் வானிலே பறப்போர் சிலர். அவர்களைப் பறக்கச் செய்வோர் பலர். சமையற்காரர், குண்டேற்றுவோர், இயந்திரம் திருத்துவோர், குடைமடிப்போர், வானிலை கணிப்போர், எழுதுவினைஞர் என அத்தொழில்கள் விரியும். போர் வரலாறுகள் பறந்தோரைப் பற்றியே பேசுகின்றன. அது இயல்பே. ஆயினும் அணியின் நாள் எவ்வாறு விடிந்தது, எவ்வாறு முடிந்தது என்பதை அறிய விரும்புவோர் நிலத்தில் நின்றோரையும் உடன் நோக்குதல் வேண்டும்.

நாள் விடிவதற்கு முன்னரே அணியின் நாள் தொடங்கிவிடும். முன்னிரவில் மேலிடத்துக் கட்டளை வந்ததும் குண்டேற்றுவோர் களஞ்சியத்திலிருந்து குண்டுகளை இழுத்துச் செல்வர். திருத்துவோர் மழையிலும் பனியிலும் திறந்த வெளியில் நின்று இயந்திரங்களைச் சோதிப்பர். விமானங்கள் ஒன்றாக நின்றால் பகைவர் குண்டுக்கு இரையாகும் என்று அஞ்சி, தளத்தின் ஓரமெங்கும் அவை சிதறி நிறுத்தப்பட்டிருந்தன. கூரையுள்ள கொட்டகைகளோ இரண்டே. ஆகவே பெரும்பான்மையான வேலை வானத்தின் கீழேயே நடந்தது. குண்டுப் பெட்டிகளின் பலகைகளைக் கொண்டு சிறு குடிசை கட்டி, விமானத்தின் பக்கத்திலேயே உறங்கிய திருத்துநரும் உளர். விமானம் தம்முடையது என்பதும், பறப்போர் அதனைப் பகற்பொழுதுக்கு இரவலாகப் பெற்றுச் செல்கின்றனர் என்பதும் அவர்களின் எண்ணம். அவ்வெண்ணத்தில் வேடிக்கையும் உண்டு; உண்மையும் உண்டு.

அதிகாலை இரண்டு அல்லது மூன்று மணிக்கு, நெளிதகரத்தால் வளைத்துக் கட்டிய குடில்களின் கதவு திறக்கும். கைவிளக்குடன் ஒருவர் நுழைந்து அன்று பறக்க வேண்டியவர்களின் பெயர்களை வாசிப்பார். பெயர் கூறப்படாதவர் மறுபுறம் திரும்பிப் படுத்துக்கொள்வார்; உறக்கம் வருமோ என்பது வேறு கதை. குடிலின் நடுவே ஒரே ஒரு சிறு அடுப்பு. அதற்குரிய கரியும் அளந்தே வழங்கப்பட்டது. நோர்போக்கின் ஈரமோ கம்பளியையும் ஊடுருவியது. உடுப்பைப் போர்வைக்குள்ளே வைத்துச் சூடாக்கி, அங்கேயே அணிந்துகொண்டு எழுந்தவர் பலர்.

காலை உணவிலே ஒரு குறிப்பு அடங்கியிருந்தது. வழமையான நாட்களில் முட்டைத் தூளைக் கரைத்துப் பொரித்த உணவே கிடைக்கும். போருக்குப் போகும் நாளிலோ கோதுடைத்த புதிய முட்டை. இங்கிலாந்தின் குடிமகன் ஒருவனுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை கிடைப்பதும் அரிதாயிருந்த காலம் அது. அவ்வளவு அரிய பொருளைத் தட்டிலே கண்டவன் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் உண்ண மனமின்றித் தட்டை ஒதுக்கியவர் பலர்.

பின்னர் எல்லாரும் கூடத்தில் அமர்வர். சுவரிலே பெரிய வரைபடம் ஒன்று திரையால் மூடப்பட்டிருக்கும். அதிகாரி திரையை விலக்குவார். தோர்ப் அபொட்ஸிலிருந்து புறப்படும் செந்நூல் பிரான்சுக் கரையோடு நின்றால் ஆறுதல் மூச்சு. அது ஜேர்மனியின் உட்புறம்வரை நீண்டால் கூடமெங்கும் முனகல் ஒலி. அதன்பின் வானிலை, பகைவரின் பீரங்கி நிலைகள், பறக்கும் உயரம், திரும்பும் நேரம் எல்லாம் அளவாக எடுத்துரைக்கப்படும். வெளியே குருவானவர் காத்து நிற்பார்.

விமானம் பி-17 வகையினது. 'பறக்கும் கோட்டை' என்பது அதன் பெயர். நான்கு இயந்திரங்கள், பத்துப் பேர்: நால்வர் அதிகாரிகள், அறுவர் ஏனைய நிலையினர். தரையிலே இவர்கள் வேறு வேறு குடில்களில் உறங்கினர். வேறு வேறு கூடங்களில் உண்டனர். வானிலே ஒருவரின் உயிர் மற்றவரின் கையில் இருந்தது. இப்பிரிவினை விந்தையானதே.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பச்சை ஒளி எழும்பியதும் ஒன்றன்பின் ஒன்றாக அவை கிளம்பும். மேகத்தை ஊடுருவி மேலே சென்று, வட்டமிட்டு, அணிவகுப்புச் சேர்வதற்கு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். மேகத்துக்குள்ளே இரு விமானங்கள் மோதிப் பகைவரைக் காணாமலே மாண்ட நிகழ்ச்சிகளும் உண்டு.

ஏறத்தாழ 25,000 அடி உயரத்தில் ஒட்சிசன் முகமூடியின்றி உயிர் வாழ முடியாது. குளிரோ பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையை எட்டும். விமானத்தின் இடைப்பகுதியில் இருபுறச் சாளரங்களும் துப்பாக்கிக்காகத் திறந்தே இருந்தன. வெறுங் கையால் துப்பாக்கியைத் தொட்டவனின் தோல் உலோகத்தோடு ஒட்டி உரிந்து வந்தது. மின்சாரத்தாற் சூடேறும் உடுப்புகள் வழங்கப்பட்டன. அவை அடிக்கடி பழுதாயின. தொடக்க காலத்தில் குண்டு பட்டு வைத்தியசாலை சென்றோரிலும், பனி கடித்துச் சென்றோரின் தொகையே மிகுந்திருந்தது. சிறுநீர் கழிக்கும் எளிய செயலும் அவ்வுயரத்தில் உடலுக்குக் கேடு விளைவித்தது. வீரகாவியங்கள் இத்தகைய செய்திகளைப் பாடுவதில்லை.

சில நாட்களில் இத்தனையும் நடந்தபின், வானிலை மாறியதென்று பயணம் கைவிடப்படும். எழுந்தாயிற்று, உண்டாயிற்று, அஞ்சியும் ஆயிற்று. ஆயினும் அது கணக்கிற் சேராது. ஏனெனில் அங்கே எல்லாம் ஓர் எண்ணைக் கொண்டே அளக்கப்பட்டது. 25 பயணங்களை நிறைவு செய்தவன் வீடு திரும்பலாம். 1943ஆம் ஆண்டில் அதனை நிறைவு செய்யக் கூடியவர் ஏறத்தாழ நால்வருள் ஒருவரே எனக் கணக்கிடப்பட்டது. 1944இல் நெடுந்தூரம் துணைவரும் வேட்டை விமானங்கள் பெருகி ஆபத்துக் குறைந்தபோது, அவ்வெண் 30 ஆகவும் பின் 35 ஆகவும் உயர்த்தப்பட்டது. உயிர் பிழைக்கும் வாய்ப்பு வளர்ந்ததும் கடமையின் அளவும் வளர்ந்தது. மேலதிகாரிகளின் கணிதத்திலே அது நியாயமாகத் தோன்றியிருக்கலாம். இருபத்து நான்காவது பயணத்தை முடித்திருந்தவனுக்கு எவ்வாறு தோன்றியிருக்கும்?

விமானங்கள் சென்றபின் தளம் அமைதியாகும். திருத்துவோர் உறங்க முயல்வர், சிலர் பந்தாடுவர். பிற்பகலில் திரும்பும் நேரம் நெருங்கியதும், எவரும் அழையாமலே யாவரும் வெளியே வந்து வானத்தை நோக்குவர். கோபுரத்தின் மாடத்தில் அதிகாரிகள் நிற்பர். சமையற்காரர் கூடக் கைவேலையை விட்டு வருவர். முதலில் ஒலி கேட்கும். பின்னர் புள்ளிகள் தெரியும். எல்லாரும் எண்ணத் தொடங்குவர். செவ்வொளி சுட்டுக்கொண்டு வரும் விமானத்தில் காயமுற்றோர் உள்ளனர், அதற்கு முதலிடம். எண்ணிக்கை குறைந்தால், வேறு தளத்தில் இறங்கியிருக்கலாம் என்று சொல்லிக்கொள்வர். தமது விமானம் நிற்கும் இடம் வெறுமையாயிருக்க, இருள் சூழும்வரை அங்கேயே நின்ற திருத்துவோர் உண்டு.

இறங்கியவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள் சூடான கோப்பியும் டோனட் பலகாரமும் கொடுப்பர். ஒரு மிடறு விஸ்கியும் உண்டு. பின்னர் விசாரணை: எங்கே தாக்கினர், எத்தனை விமானம் வீழ்ந்தது, எத்தனை குடை விரிந்தது? வீழ்ந்த விமானத்திலிருந்து வெளிவந்த குடைகளை எண்ணுவதும் அவர்களின் கடமை. பத்துக் குடைகளைக் கண்டால் மகிழ்ச்சி.

திரும்பாதோரின் உடைமைகளை உடனே சேகரித்துவிடுவர். இல்லத்தாரின் மனத்தை நோகச் செய்யக் கூடிய கடிதங்களை நீக்கி எஞ்சியவற்றை அனுப்புவதற்கென ஒருவர் இருந்தார். ஓரிரு நாளில் அக்கட்டிலிலே புதியவன் ஒருவன் படுத்திருப்பான். பழையவர்கள் அவனது பெயரைக் கேட்கத் தயங்கினர். அதனைக் கொடுமை என்று கூறுதல் எளிது. பெயரறிந்த ஒருவனை இழப்பது கடினம் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

418ஆம் அணியின் தலைவராயிருந்தவர் மேஜர் ஜோன் ஈகன். 350ஆம் அணியின் தலைவர் மேஜர் கேல் கிளெவன் அவருடைய நெருங்கிய தோழர். 1943 ஒக்டோபர் 8ஆம் நாள் பிரேமன் நகர்மீது சென்ற கிளெவனின் விமானம் வீழ்த்தப்பட்டது. ஈகன் அப்பொழுது விடுமுறையில் இலண்டனில் இருந்தார். செய்தித்தாளிலே இழப்பைப் பற்றி வாசித்தவர், தொலைபேசியில் விசாரித்து அறிந்து, விடுமுறையைக் கைவிட்டுத் திரும்பினார். 10ஆம் நாள் மூன்ஸ்டர் நகர்மீது சென்ற குழுவிலே தாமும் பறந்தார். அன்று பகைவரின் வேட்டை விமானங்களை எதிர்கொண்ட நூறாவது குழுவின் 13 விமானங்களுள் தளம் திரும்பியது ஒன்றே. அதனை ஓட்டியவர் 418ஆம் அணியைச் சேர்ந்த ரொபேட் ரோசன்தால். நியூயோர்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த சட்டத்தரணி. அஃது அவரது மூன்றாவது பயணமே. இரண்டு இயந்திரங்கள் நின்றுபோக, காயமுற்ற தோழருடன் அவர் வந்திறங்கினார். அன்று மாலை கோபுரத்தில் நின்றோர் ஒன்று என்று எண்ணி, மேலே எண்ணுவதற்கு எதுவுமின்றி நின்றனர். ஈகன் உயிர் தப்பிச் சிறைப்பட்டார். சிறைமுகாமிலே கிளெவனைச் சந்தித்தார்.

மூன்ஸ்டரைப் பற்றி மற்றொன்றையும் கூறாதிருத்தல் தகாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. புகையிரத ஊழியர் வாழ்ந்த நகர மையமே இலக்கென்று கூடத்தில் அறிவிக்கப்பட்டது. ஆலைகளையும் துறைகளையும் மட்டுமே தாக்குவதாக அதுவரை நம்பியிருந்த சிலர் மனங் கலங்கினர். தோழரை இழந்த சிலர் அதனை வரவேற்றனர். நூற்றுக்கணக்கான நகரத்தார் இறந்தனர். தளத்திலிருந்தோர் தமது விமானங்களை ஒவ்வொன்றாக எண்ணினர். கீழே விழுந்தவற்றின் கணக்கு அவர்களின் கண்ணுக்கு எட்டவில்லை.

ஓய்வு நாட்களில் அவர்கள் துவிச்சக்கர வண்டியில் ஊரைச் சுற்றினர். தளம் பரந்ததாகையால் வண்டியின்றி உணவுக்கூடம் செல்வதே சிரமம். இருட்டடிப்பு வேளையில் மதுச்சாலையிலிருந்து திரும்புகையில் பள்ளத்தில் விழுந்து கையொடிந்தோரும் பலர். வைத்தியர் இதனைப் போர்க்காயம் எனப் பதியவில்லை. ஊர்ப் பெண்கள் அவர்களின் உடுப்புகளைத் துவைத்துக் கொடுத்துச் சவர்க்காரமும் இனிப்பும் பெற்றனர். சிறுவர் பின்தொடர்ந்து சூயிங்கம் கேட்டனர். நத்தார்க் காலத்தில் அச்சிறுவருக்குத் தளத்திலே விருந்து நடந்தது.

அமெரிக்கப் படையிலே கறுப்பினத்தோர் தனிப் பிரிவுகளாக வைக்கப்பட்டிருந்தனர். கிழக்கு இங்கிலாந்தின் தளங்கள் சிலவற்றைக் கட்டியவர்கள் அவர்களே. குண்டுகளை லொறியில் ஏற்றி வந்தோரிலும் அவர்கள் பலர். ஆயினும் சில ஊர்களுக்கு வெள்ளையர் ஒரு நாளும் கறுப்பர் மறு நாளுமாகச் செல்லும்படி முறை வகுக்கப்பட்டது. நிறவெறி பிடித்த ஆட்சியை எதிர்த்துப் போரிட வந்த படைக்கு இவ்வழக்கம் பெருமை தரவில்லை.

போரின் முடிவில் எட்டாவது விமானப் படையின் இறந்தோர் தொகை ஏறத்தாழ 26,000. ரோசன்தால் 52 பயணங்களை முடித்து, பின்னர் நியூரம்பேர்க் விசாரணையிலே வழக்குத் தொடுநருடன் பணியாற்றினார். தோர்ப் அபொட்ஸின் கோபுரம் பல்லாண்டு பாழடைந்து கிடந்து, ஊரவரின் உழைப்பால் 1981இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

1945 மே மாதத் தொடக்கத்திலே குண்டுகளுக்குப் பதிலாக உணவுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு, பசியால் வாடிய ஒல்லாந்தின்மீது அவ்விமானங்கள் தாழப் பறந்தன. போர் ஓய்ந்ததும் மற்றொரு பயணம் ஒழுங்கு செய்யப்பட்டது. இரண்டு ஆண்டுகளாகக் குண்டேற்றியோர், இயந்திரம் திருத்தியோர், முட்டை பொரித்தோர் எல்லாரும் விமானங்களில் ஏற்றப்பட்டு ஜேர்மனியின் நகரங்கள்மீது கொண்டு செல்லப்பட்டனர். அந்நகரங்களின் பெயர்களை அவர்கள் பலமுறை கேட்டிருந்தனர். இப்பொழுது சாளரத்தின் ஊடாக, கூரையற்ற சுவர்களையும், தெருக்களின் இருபுறமும் குவிந்து கிடந்த கற்களையும், அவற்றின் நடுவே நடந்து செல்லும் மக்களையும் முதன்முறையாகக் கண்டனர்.