கோட்டை வாசலில் இரட்டைக் கயல்

குளக்கோட்டன் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்னும் கல்வெட்டுப் பாடலைப் பல வருடமாகப் படிப்பித்து வருகிறேன். "கல்லைப் பார்த்திருக்கிறீர்களா, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். விடை சொல்ல வாய் வரவில்லை.

மறுநாளே இறக்கக்கண்டியில் பஸ் ஏறித் திருகோணமலை முற்றவெளியில் இறங்கி நடந்தேன். புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இப்போது இது காற்று வாங்கும் இடம். அந்நாளில் கோட்டைகளின் முன்னே வெளி விட்டது அழகுக்காகவன்று. பீரங்கிக்கு மறைப்பு இருக்கலாகாது என்றுதான்.

1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என்று கை மாறிற்று. பிரெட்றிக் என்ற பெயர் 1803இல் வந்தது. யோர்க் கோமகனின் பெயராம். அவருக்கும் நமது மலைக்கும் என்ன உறவோ!

உள்ளே இராணுவம் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களோடு நானும் போனேன். அவர்கள் நிற்காமல் கடந்தார்கள்; நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கல்லில் இரட்டைக் கயல் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் எழுத்துகள், பாதிக்குமேல் சிதைந்தவை. நான் மனப்பாடமாக ஒப்புவிக்கும் முழுப் பாடல் அங்கே இல்லை.

அடுத்த பாடவேளையில் பாடலைக் கரும்பலகையில் எழுதினேன். கல் சிதைந்த இடங்களில் புள்ளிகளை மட்டும் வைத்தேன்.