துலங்கலா, எதிர்வினையா? ஒரு சொல்லின் வழக்கு

திருவனந்தபுரத்தை அடுத்த மங்கலபுரத்தில் உள்ள கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகத்தில், மெம்ரிஸ்டர் சுற்றுகளைக் கொண்டு மூளையின் செயல்முறையைப் பின்பற்றும் மின்னணு அமைப்புகள் ஆராயப்படுகின்றன. இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகளில், சில நானோமீட்டர் தடிமனே உள்ள உலோக ஆக்சைடுப் படலம் ‘நினைவில் கொள்கிறது’, ‘கற்கிறது’, ‘மறக்கிறது’. உயிருக்குரிய வினைச்சொற்களை உயிரற்ற பொருளுக்கு வழங்கலாமா என்ற கேள்வி புதியதன்று. 1901ஆம் ஆண்டிலேயே இலண்டனில் அது எழுந்தது. எழுப்பக் காரணமானவர் ஓர் இந்தியர்.

கொல்கத்தா மாநிலக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லா அலைகளை உணரும் ‘கோஹரர்’ கருவிகளை ஆராய்ந்துவந்தார். தொடர்ந்து இயக்கினால் கருவியின் உணர்திறன் குன்றியது, ஓய்வளித்தால் மீண்டது. தசையின் களைப்பை ஒத்த இந்நிகழ்வு அவரை உயிரியலை நோக்கித் திருப்பியது. உலோகம், தாவரம், தசை ஆகிய மூன்றையும் தூண்டி, அவற்றின் மின்மாற்றங்களை வரைகோடுகளாகப் பதிவு செய்து ஒப்பிட்டார். வெள்ளியைக் கிண்ணமாக அடித்து, அதன் உட்புறத்தில் புரோமின் ஆவியைப் படியச்செய்து, ஒளிபட்டால் மின்மாற்றம் காட்டும் செயற்கை விழித்திரை ஒன்றையும் அமைத்தார்.

1901 ஜூன் 6 அன்று, உயிரற்ற பொருள்களின் மின் துலங்கல் குறித்து இராயல் சொசைட்டியில் அவர் உரையாற்றினார். மூத்த உடலியங்கியலாளர் ஜான் பர்டன் சாண்டர்சன் மறுப்புத் தெரிவித்தார். அவர் சாதாரண எதிர்ப்பாளர் அல்லர். பூச்சியுண்ணும் வீனஸ் செடியின் மின் துடிப்பை 1873இலேயே பதிவு செய்தவர். தலைப்பிலுள்ள ‘துலங்கல்’ உடலியங்கியலுக்கு உரிய சொல் என்றும், ‘எதிர்வினை’ என்று மாற்றிக்கொள்ளலாம் என்றும் அவர் கூறினார். போஸ் இணங்கவில்லை. கட்டுரை அச்சேறாமல் நின்றது. மறு ஆண்டு போஸ் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அச்சொல் இடம்பெற்றது.

இதை அதிகாரத்திற்கும் அறிவுக்குமான மோதலாக மட்டும் படிப்பது எளிது; போதுமானதன்று. பர்டன் சாண்டர்சனின் தயக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. இரண்டு வரைகோடுகள் ஒத்திருப்பதால் அவற்றைத் தோற்றுவித்த இயக்கங்களும் ஒன்றே என்று ஆகிவிடாது. போஸின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒரே அளவீட்டு முறையில் கிடைத்த ஒத்த விளைவுகளுக்கு, பொருள் மாறுகிறது என்பதற்காகவே வேறு பெயர் இடுவது, ஆராய வேண்டிய வேறுபாட்டை முன்கூட்டியே தீர்ப்பாக எழுதிவிடுவதாகும்.

லியோன் சுவா 1971இல் கோட்பாட்டளவில் முன்வைத்த மெம்ரிஸ்டரை, டைட்டானியம் டைஆக்சைடுப் படலத்தில் கண்டதாக ஹெச்பி ஆய்வகத்தினர் 2008இல் அறிவித்தனர். தன் வழியே பாய்ந்த மின்னோட்டத்தின் வரலாற்றைத் தன் மின்தடையில் தாங்கி நிற்கும் உறுப்பு அது. போஸ் கையாண்ட வகை உட்பட, பழைய கோஹரர்களிலும் இப்பண்பு இருப்பதை கௌரவ் காந்தி, வருண் அகர்வால், சுவா ஆகியோர் 2013இல் காட்டினர். போஸ் கண்ட ‘களைப்பு’ உருவகத்தைக் கடந்த ஓர் இயற்பியல் உண்மையையும் சுட்டியிருந்தது.

2021இல் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தினர், நானோ துகள்களாகப் பிரிந்து நிற்கும் வெள்ளியைக் கொண்டு பாவ்லோவின் பழக்கவழிக் கற்றலைப் போலச் செய்து காட்டினர். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே உலோகம், அதே வினா.

தமிழ்ப் பாடநூல்கள் ‘தூண்டல்–துலங்கல்’ என்ற இணையை உயிரியலிலும் உளவியலிலும் நிலைநிறுத்தியுள்ளன. வேதியியலுக்கு ‘வினை’ வாய்த்தது. 1901இல் பர்டன் சாண்டர்சன் வரைந்த எல்லைக்கோடு, நம் கலைச்சொற்களுக்குள்ளும் ஓடுகிறது. நானோ மின்னணுவியலைத் தமிழில் எழுத முனைவோர் அக்கோட்டின் எப்பக்கம் நிற்பது என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்மானம் மொழிபெயர்ப்பாளருடையதாகத் தோன்றினாலும், உயிர் என்பது எது என்ற வினாவுக்கு அளிக்கும் விடையும் அதனுள் அடங்கியிருக்கும்.