கெயின் திருகில் காதும் மீட்டரும்

"இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா சார்?" டிக்கிக்குள் தலையை விட்டபடி கடைக்காரர் கேட்டார். "ஏத்துங்கண்ணே" என்றேன். ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு திருகு. அதில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்துக் கால் சுற்று திருப்பினார். பின்சீட்டு அதிர்ந்தது. சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்தாவது மாதம் ஓர் இரவுப் பயணத்தில், காருக்குள் வார்னிஷ் கருகுவது போல ஒரு நெடி. மறுநாள் காலை சப்வூஃபரின் கோனை உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். உள்ளே சரசரவென்று உரசியது. வாய்ஸ் காயில் போய்விட்டது.

அந்தக் கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. தன் காதை நம்பி வைத்தார், அவ்வளவுதான். நம் ஊரில் பெரும்பாலான கார்களில் கெயின் அப்படித்தான் வைக்கப்படுகிறது. இன்னொரு கூட்டம் இருக்கிறது. மல்டிமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, தசமப் புள்ளி வரை சரிபார்த்து வைப்பவர்கள். காயில் கருகிய பிறகு நானும் அந்தப் பக்கம் போனேன். இரண்டையும் ஒரே காரில், ஒரே ஆம்ப்ளிஃபயரில் செய்து பார்த்ததில், எது எங்கே கண்ணை மூடிக்கொள்கிறது என்பது தெரிந்தது.

முதலில் அந்தத் திருகு செய்யும் வேலை. அது வால்யூம் இல்லை. ஸ்டீரியோவிலிருந்து ஆர்சிஏ கேபிள் வழியாக வரும் சிக்னல் ஒரு ஸ்டீரியோவில் 2 வோல்ட் இருக்கும், இன்னொன்றில் 4 வோல்ட் இருக்கும். எது வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஆம்ப்ளிஃபயரில் 0.2 முதல் 6 வோல்ட் வரை என்பது போல ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். 'இத்தனை வோல்ட் உள்ளே வந்தால் உன் முழுச் சக்தியைக் கொடு' என்று ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்வதுதான் கெயின். திருகைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் பலம் கூடாது. முழுப் பலத்தை எட்டும் இடம் முன்னாலேயே வந்துவிடும். ஸ்டீரியோவில் பாதி வால்யூமிலேயே ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு புள்ளியிலும் அலையின் தலை வெட்டுப்படும். படியில் கூம்பாகக் குவிந்த அரிசியைத் தலைதட்டி அளப்பது போல, வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலை மேலும் கீழும் தட்டையாகிவிடுகிறது. இதுதான் கிளிப்பிங்.

தட்டையான அலையால் காயிலுக்கு என்ன கேடு? 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் ஆம்ப்ளிஃபயர் 4 ஓம் சப்வூஃபரில் அந்தச் சக்தியைக் கொடுக்கும்போது அலையின் உச்சம் 49 வோல்ட். கெயினை ஏற்றி ஏற்றி அலை முழுச் சதுரமாகிவிட்டால், உச்சம் அதே 49 வோல்ட்தான். ஆனால் ஏறி இறங்காமல் அங்கேயே நின்றுவிடுவதால் காயிலில் இறங்கும் சக்தி 600 வாட்ஸ் ஆகிவிடும். சத்தம் அந்த அளவுக்கு ஏறியதாகத் தோன்றாது. சூடு மட்டும் இரண்டு மடங்கு. லோ பாஸ் ஃபில்டர் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஃபில்டர் பவர் பகுதிக்கு முன்னால் இருக்கிறது. வெட்டு விழுவது அதற்குப் பின்னால். காப்பாற்ற வழியில்லை.

இப்போது காது முறைக்கு வருவோம். கடையில் ஒரு குத்துப்பாட்டைப் போடுவார்கள். ஸ்டீரியோவை முக்கால் அளவுக்கு ஏற்றுவார்கள். கெயினைக் கூட்டிக்கொண்டே போய், சத்தம் 'உடையுது' என்று தோன்றும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்னுக்கு எடுப்பார்கள். இதை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. காது கேட்பது முழு காரையும். அந்தப் பெட்டி, அந்த பேட்டரி, தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் அந்த வயர், கதவடைத்த கூண்டுக்குள் தாழ்ந்த ஸ்வரங்கள் தானாகவே பெருக்கமடைவது, எல்லாம் சேர்ந்துதான் காதுக்கு வருகிறது. எந்த மீட்டரும் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லை.

ஆனால் தாழ்ந்த அதிர்வெண்களில் நம் காது மந்தம். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். 1000 ஹெர்ட்ஸில் காதுக்குத் தெளிவாகக் கேட்கும் அதே ஒலியழுத்தம், 40 ஹெர்ட்ஸில் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகப்படும் அளவுக்கு மெலிந்துவிடும். அந்த 40 ஹெர்ட்ஸ் உடைந்தாலும் காது சட்டென்று பிடித்துவிடாது. போதாக்குறைக்குக் குத்துப்பாட்டில் தவிலும் பறையும் கிக் டிரம்மும் 100, 200 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இடைவிடாமல் விழுகின்றன. கிளிப்பிங் கிளப்பும் கரகரப்பும் அதே வட்டாரத்தில்தான் வருகிறது. அடியோடு அடியாகக் கலந்துவிடுகிறது. அரை மணி நேரம் உரக்கக் கேட்ட காது களைத்தும் போயிருக்கும். இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஆசை. கொஞ்சம் கூட்டினால் நன்றாக இருக்கிறது, இன்னும் கூட்டினால் இன்னும் நன்றாக இருக்கிறது. 'ஏத்துங்கண்ணே' என்று நான் சொன்னபோது என் காது அளக்கவில்லை. ரசித்துக்கொண்டிருந்தது.

மீட்டருக்கு இந்த ஆசை கிடையாது. கணக்கு எளிது: வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 300 வாட்ஸ், 4 ஓம் என்றால் 1200இன் வர்க்கமூலம், 34.6 வோல்ட். சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட வேண்டும். கெயினைக் கடைசி வரை இறக்கிவிட வேண்டும். பாஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். பாஸ் பூஸ்டை நான் தனியாக அழுத்திச் சொல்வேன். 12 டெசிபல் பூஸ்ட் என்பது அந்த ஸ்வரத்துக்கு 4 மடங்கு வோல்ட், 16 மடங்கு வாட்ஸ் கேட்பது. கெயினை எந்த முறையில் எத்தனை கவனமாக வைத்தாலும், பிறகு பாஸ் பூஸ்ட் திருகைத் தொட்டால் எல்லாம் வீண். பிறகு ஸ்டீரியோவை நாம் வழக்கமாக ஏற்றும் உச்ச அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஏசி வோல்ட்டில் வைத்த மீட்டரின் முனைகளை ஆம்ப்ளிஃபயர் டெர்மினலில் பிடித்துக்கொண்டு 34.6 வரும் வரை திருப்ப வேண்டும். 50 ஹெர்ட்ஸ் என்பது நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண். மலிவான மீட்டர்கூட அங்கே ஒழுங்காகக் காட்டும் என்பது இந்த முறைக்குக் கிடைத்த வசதி. கம்பெனி ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வால்யூம் ஏற ஏறத் தானே பாஸைக் குறைத்துக்கொள்ளும் ஸ்டீரியோக்கள் இருக்கின்றன. ஓட்டும்போது வைக்கும் வால்யூமிலேயே அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

சோதனை ஒலியை எந்த மட்டத்தில் எடுப்பது என்பதில் சண்டையே நடக்கிறது. பதிவின் உச்ச மட்டமான 0 டெசிபல் ஒலியா, அதற்கு 5 டெசிபல் கீழே பதிவானதா? கீழே பதிவானதை வைத்தால், பாட்டு உண்மையிலேயே உச்சத்தைத் தொடும்போது ஆம்ப்ளிஃபயரிடம் மூன்று மடங்குக்கு மேல் சக்தி கேட்கப்படும். பழைய ஒலிப்பதிவுகளில் சராசரி மட்டம் தாழ்ந்திருந்ததால் அது தாங்கியது. இன்றைய பாடல்கள் உச்சத்தை ஒட்டியே இறுக்கிப் பதிவாகின்றன. என் முடிவு 0 டெசிபல்தான்.

இவ்வளவு ஒழுங்கான மீட்டர் எங்கே தவறுகிறது? அது அலையின் அளவைத்தான் சொல்கிறது, வடிவத்தைச் சொல்வதில்லை. தலைதட்டிய அலைக்கும் அது ஓர் எண்ணைக் காட்டும். மலிவான மீட்டர் சைன் அலைக்காக மட்டுமே அளவு பிரிக்கப்பட்டது. 49 வோல்ட் சதுர அலையை 54 என்று காட்டிவிடும். ஆம்ப்ளிஃபயரின் அட்டைப்பெட்டியில் 1200 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், கணக்குப்படி 4 ஓமுக்கு 69 வோல்ட் வர வேண்டும். பெட்டி சொன்னதை நம்பியவர் 69ஐத் தேடித் திருகைக் கடைசி வரை திருப்புவார். ஃப்யூஸைப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். 30 ஆம்பியர் ஃப்யூஸ், 14 வோல்ட் என்றால் உள்ளே போவதே 420 வாட்ஸ். டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர் அதில் நூற்றுக்கு எண்பதை வெளியே தந்தாலும் 340ஐத் தாண்டாது. 69 வோல்ட் அதன் பிறவியிலேயே இல்லை. சிஇஏ-2006 என்ற தர அளவீட்டின்படி 14.4 வோல்ட்டில், ஒரு சதவீத உடைவுக்குள் அளந்த வாட்ஸ் என்று போட்டிருந்தால் மட்டுமே அந்த எண்ணைக் கணக்கில் ஏற்றலாம்.

என் ஆம்ப்ளிஃபயரில் அப்படித்தான் போட்டிருந்தது, 300 வாட்ஸ். புது சப்வூஃபரும் 300 வாட்ஸ். 34.6 வைத்து, வயரை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, அதே 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஐந்து விநாடி மட்டும் போட்டேன். அதற்கு மேல் போடக் கூடாது, காயில் சூடேறும். கதவு ஸ்பீக்கர்களை நிறுத்தியிருந்தேன். டிக்கியைத் திறந்து வைத்து, நம்பர் பிளேட் அதிராதபடி ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உருண்டையாக வர வேண்டிய 'ஊம்' என்ற ஒலியின் மேல் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

இங்கேதான் காதின் மேல் எனக்கு மறுபடி மதிப்பு வந்தது. பாட்டில் கிளிப்பிங்கைத் தவறவிட்ட அதே காது, ஒற்றை ஒலியில் அதைப் பிடித்துவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் அலை தலைதட்டுப்பட்டால் 150, 250 ஹெர்ட்ஸில் புதிய ஒலிகள் முளைக்கும். அந்த இடத்தில் காது 50 ஹெர்ட்ஸில் இருப்பதைவிடப் பல மடங்கு கூர்மை. மறைப்பதற்குத் தவிலும் இல்லை, பறையும் இல்லை. இதைக் கண்ணால் பார்க்க ஆசிலாஸ்கோப் உண்டு. உடைவு தொடங்கியதும் விளக்கெரியும் டிடி-1 போன்ற கருவியும் உண்டு. வைத்திருப்பவர்கள் அதையே நம்பட்டும், அதுதான் சரி. இல்லாதவர்களுக்கு இந்த ஐந்து விநாடி ஒலி போதும்.

கரகரப்பு ஏன்? ஒலி ஓடும்போது மீட்டரை டிசிக்கு மாற்றி ஆம்ப்ளிஃபயரின் பவர் டெர்மினலில் பிடித்தேன். 12.4 வோல்ட். 14.4 கொடுத்தால்தான் 300 வாட்ஸ். பழைய கடையில் போட்ட மெல்லிய வயரே மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தது. சப்வூஃபர் வயரைக் கழற்றி அளந்தபோது ஆம்ப்ளிஃபயருக்குச் சுமையே இல்லை. அதனால்தான் மீட்டர் 34.6ஐச் சுத்தமாகக் காட்டியது. கரகரப்பு மறையும் வரை கெயினை மயிரிழை மயிரிழையாக இறக்கினேன். பிறகு வயரைக் கழற்றி மறுபடி அளந்தால் 30.2 வோல்ட். 228 வாட்ஸ்.

72 வாட்ஸ் போச்சே என்று முதலில் மனசு அடித்துக்கொண்டது. டெசிபலில் போட்டுப் பார்த்தால் இழப்பு 1.2. பாட்டைப் போட்டுவிட்டு மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. காதுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் காயிலுக்கு மிக நன்றாகத் தெரியும்.

ஆக, என் அனுபவத்தில் இரண்டும் சம எடை இல்லை, வேலையும் ஒன்றில்லை. மேல் வரம்பைப் போட மீட்டர். அந்த வரம்பு இந்தக் காருக்கு நிஜமா என்று கேட்க, சோதனை ஒலியோடு காது. பாட்டோடு கேட்கும் காதுக்கு ஒரே ஒரு உரிமைதான் கொடுப்பேன்: அந்த இடத்திலிருந்து கீழே இறக்கலாம், மேலே ஏற்றக் கூடாது. இறக்கும் வேலையை அது அழகாகச் செய்கிறது. கதவு ஸ்பீக்கர்களில் பாடகரின் குரல் வரும்போது பாஸ் டிக்கியிலிருந்து வருவதாகத் தோன்றாமல், டேஷ்போர்டிலிருந்து வருவது போலக் கேட்கும் ஓர் அளவு இருக்கிறது. அதை எந்த வர்க்கமூலமும் சொல்லாது. என் காரில் அது 30.2க்கும் கொஞ்சம் கீழே அமைந்தது.

அந்த இடத்தில் திருகின் பள்ளத்தையும் பக்கத்துத் தகட்டையும் சேர்த்து வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். தடிமனான வயர் வாங்கியாகிவிட்டது. 4 வோல்ட் ஸ்டீரியோவும் அடுத்த மாதம் வருகிறது. இரண்டையும் மாட்டும் அன்று அந்தக் கோட்டை அழித்துவிட்டு, திருகைக் கடைசி வரை இறக்கி, முதலிலிருந்து அளக்க வேண்டும்.