பனிச்சரிவும் மனிதனின் தீர்மானமும்

இயற்கை இடர்களை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. அல்ப்ஸ் மலைத்தொடரின் பனிச்சரிவு குறித்து அவ்வாறு எழுதுதல் பாதி உண்மையையே தரும் என்பது இக்கட்டுரையாளனின் கருத்தாகும்.

சுவிற்சர்லாந்தின் அந்தர்மாத் ஊரவர், தம் ஊருக்கு மேலே நின்ற காட்டில் மரந் தறிப்பதை 1397ஆம் ஆண்டிலேயே தடைசெய்தனர். சரிவில் நிற்கும் மரங்கள் பனியைத் தாங்கிப் பிடிக்கின்றன என்பதை அறிய அவர்களுக்கு ஆய்வுகூடம் வேண்டியிருக்கவில்லை. யொகான் கோவாஸ் என்னும் வனப் பரிசோதகர் பனிச்சரிவுகளைப் பதிவுசெய்து 1881இல் நூலாக வெளியிட்டார். 1930களில் டாவோஸ் நகருக்கு மேலேயுள்ள வைஸ்ஃபுளூயொக்கில் முறையான ஆய்வு தொடங்கியது. பனிப்போர்வை ஒரே திணிவன்று. அது படைபடையாக அமைந்தது. ஒன்றோடொன்று பிணையாத பருமணிகளாலான நலிந்த படையொன்று அடியிற் கிடப்பின், அதன் மேலுள்ள இறுகிய படை பலகைபோல் உடைந்து வழுக்கும் என்பன தெளிவாயின.

1950-51 மாரியில் சுவிற்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவுகளில் மாண்டனர். அதன்பின் மலைச்சரிவுகளில் உருக்குத் தடுப்புகள் எழுந்தன. இடர்வலயப் படங்கள் வரையப்பட்டன. 1999 பெப்ரவரியிலும் பெரும்பனி பொழிந்தது. அவ்வேளை ஒஸ்திரியாவின் கல்ற்றூர் கிராமத்தில் 31 பேர் இறந்தனராயினும், சுவிற்சர்லாந்தின் இழப்பு 17 உயிர்களோடு நின்றது. ஊர்களைக் காக்கும் போரில் மனிதன் பெருமளவு வென்றான் எனலாம்.

ஆனால் மரணம் இடம்மாறியது. இன்று அல்ப்ஸில் பனிச்சரிவால் இறப்போரிற் பெரும்பாலோர் வீட்டில் உறங்கியவரல்லர். செங்குத்தான சரிவுகளைத் தாமே நாடிச் சென்ற பனிச்சறுக்கு வீரர்களும் மலையேறிகளுமாவர். அவர்களைப் புதைக்கும் சரிவை அநேகமாக அவர்களோ அவர்தம் தோழரோதாம் தூண்டிவிடுகின்றனர். இங்கே தடுப்புவேலிக்கு வேலையில்லை.

இம்மாற்றத்தின் பொருளை உணர்ந்தவர் வேர்னர் முன்ரர் என்னும் சுவிஸ் மலை வழிகாட்டி. பனியில் குழி தோண்டிப் படைகளைச் சோதிக்கும் முறையில் அவரும் முதலில் நம்பிக்கை வைத்திருந்தார். ஓரிடத்தில் உறுதியாயிருக்கும் பனி சில மீற்றர் தள்ளி நலிந்திருக்கக் கண்டபின், ஒரு குழி முழுச் சரிவுக்கும் சாட்சி சொல்லாதென முடிவுசெய்தார். 1990களில் அவர் முன்வைத்த விதி மிக எளியது: அறிவிக்கப்பட்ட இடர்நிலை இரண்டாயின் 40 பாகைக்குக் குறைந்த சரிவு, மூன்றாயின் 35க்குக் குறைந்தது, நான்காயின் 30க்குக் குறைந்தது. பாதுகாப்பான சரிவுகள் பலவற்றையும் இவ்விதி மூடிவிடுகின்றது என்ற ஆட்சேபம் எழுந்தது. அது உண்மையே. எனினும், எது பாதுகாப்பானது என முன்கூட்டி அறிய வழியிருந்தால் விதியே தேவைப்பட்டிராது!

அமெரிக்கரான இயன் மக்கமன் 1972 முதல் 2003 வரை நிகழ்ந்த 715 விபத்துகளை ஆராய்ந்தார். பழகிய சரிவு, பிறர் சென்ற தடம், எப்படியும் உச்சியடைய வேண்டுமென்ற உறுதி, பிறர் தொடுமுன் புதுப்பனியில் இறங்கும் ஆசை ஆகியவை தீர்மானத்தைத் திரிபுபடுத்துவதை அவர் எடுத்துக்காட்டினார். பழகிய இடத்தில் உயர்பயிற்சி பெற்றோரும் பயிற்சி குறைந்தோரளவு ஆபத்தையே ஏற்றுக்கொண்டனர் என்பது அவர் கண்டவற்றுள் மிகவும் கலக்கந் தருவது.

1993இல் ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐந்துபடி அளவுகோலும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. ஐந்தாம் நிலையில் எவரும் மலையேறார். மரணங்கள் குவிவது மூன்றாம் நிலையிலேயே. புயல் ஓய்ந்து, வானம் வெளுத்து, புதுப்பனி மின்னும் காலைகள் பல அந்நிலைக்குரியவை.