கல்வரி வகை நீர்மூழ்கிகள் (திட்டம் 75)

இந்தியக் கடற்படைக்காக மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில், பிரெஞ்சுத் தொழில்நுட்பத்துடன் கட்டப்பட்ட ஆறு டீசல்-மின் நீர்மூழ்கிக் கப்பல்கள் கல்வரி வகை எனப்படுகின்றன. இவை பிரான்ஸின் ஸ்கார்பீன் வடிவமைப்பைச் சேர்ந்தவை. கட்டுமானத் திட்டத்தின் பெயர் திட்டம் 75. ஒப்பந்தம் 2005 அக்டோபரில் கையெழுத்தானது. முதல் கப்பலான கல்வரி 2017 டிசம்பர் 14 அன்றும், கடைசிக் கப்பலான வாக்‌ஷீர் 2025 ஜனவரி 15 அன்றும் படையில் சேர்ந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் காந்தேரி (2019), கரஞ்ச், வேலா (இரண்டும் 2021), வாகிர் (2023) ஆகியவை வந்தன. ஆறு பெயர்களுமே சோவியத் ஒன்றியத்திடம் வாங்கிய பழைய நீர்மூழ்கிகளிடமிருந்து எடுத்தவை. அந்த வரிசையின் முதல் கப்பலான பழைய கல்வரி 1967 டிசம்பர் 8 அன்று சேவைக்கு வந்தது. அந்த நாளையே கடற்படை நீர்மூழ்கி நாளாகக் கொண்டாடுகிறது.

ஒவ்வொரு கப்பலும் 67.5 மீட்டர் நீளம், 12.3 மீட்டர் உயரம் கொண்டது. மூழ்கிய நிலையில் எடை ஏறத்தாழ 1,775 டன். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகு ஓட்டுபவர்களுக்கு இந்த உயரம் ஒன்றே போதும், விஷயம் புரிந்துவிடும். அவர்கள் மடி இழுக்கும் பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 9 மீட்டரை ஒட்டியது. அங்கே கல்வரி மூழ்கப் பார்த்தால் அடி தரைதட்டிவிடும், மேற்கட்டு தண்ணீருக்கு வெளியே நிற்கும். ஆகவே புதுக்கோட்டைக் கடற்கரையில் இந்தக் கப்பல் தென்பட வழியில்லை. மும்பையிலிருந்து விசாகப்பட்டினம் போக வேண்டுமானாலும் இலங்கையைச் சுற்றித்தான் போயாக வேண்டும்.

டீசல்-மின் நீர்மூழ்கி இயங்கும் முறையில் ஒரு முரண் உண்டு. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், கடலுக்கடியில் காற்று இல்லை. அதனால் எஞ்சின் நேரடியாகச் சுழலியைச் சுற்றுவதில்லை. பேட்டரிக்கு மின்னேற்றும் வேலையை மட்டும் செய்கிறது. கல்வரியில் 360 பேட்டரிக் கலங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 750 கிலோ. மூழ்கியபின் இந்த மின்சாரத்தில்தான் மோட்டார் ஓடுகிறது. அணுசக்தி நீர்மூழ்கியில் உலையைக் குளிர்விக்கும் பம்புகளின் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். பேட்டரியில் மெதுவாக ஊரும் கப்பலிடம் அதுகூடக் கிடையாது. கரையோரக் கடலில் பதுங்கியிருக்க இதைவிடத் தோதான கப்பல் இல்லை. ஆனால் பேட்டரி தீரத் தீர மேலே வந்து, மூச்சுக்குழாயை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி, எஞ்சினை ஓட்டியாக வேண்டும். எதிரியின் ரேடாரிலும் விமானத்தின் கண்ணிலும் சிக்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். எதிரி நீர்மூழ்கிகளைத் தேடும் இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானங்கள் அரக்கோணம் ராஜாளித் தளத்திலிருந்து பறப்பதும் அத்தகைய நேரத்தைக் குறிவைத்துத்தான். ஆழத்தில் இருக்கும் கப்பலோடு பேசுவதும் எளிதல்ல. சாதாரண வானொலி அலை கடல்நீரில் இறங்காது, மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை மட்டுமே ஓரளவு ஆழம் இறங்கும். அதற்காகத் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இயங்குகிறது. அதன் கோபுரங்களில் சில நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் அடங்கும்.

திட்டத்தின் கதை 2005-க்கு வெகு முன்பே தொடங்குகிறது. 1981-இல் மேற்கு ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்தோடு நான்கு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. ஷிஷுமார், சங்குஷ் இரண்டும் கீல் நகரில் கட்டப்பட்டன. ஷல்கி (1992), சங்குல் (1994) இரண்டும் மசகானிலேயே உருவாயின. இந்திய மண்ணில் கட்டிய முதல் நீர்மூழ்கி ஷல்கிதான். மேலும் இரண்டு கட்டும் எண்ணம் இருந்தது. 1987-இல் எழுந்த தரகுப் பணக் குற்றச்சாட்டில் அது அப்படியே நின்றது. நீர்மூழ்கிக் கட்டுமானம் பயிற்சியால் மட்டுமே வாழும் தொழில். ஆழ அழுத்தத்தைத் தாங்கும் தடித்த எஃகுத் தகட்டை வளையமாக வளைத்து, ஒரு பொத்தல் இல்லாமல் பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்கு 1994-க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் அந்த வேலையே இல்லை. சிலர் ஓய்வுபெற்றார்கள், சிலர் வேறு வேலைக்குப் போனார்கள். திட்டம் 75-இல் பிரான்ஸிடம் வாங்கிய தொழில்நுட்பத்தில் ஒரு பங்கு, ஜெர்மானியரிடம் ஒருமுறை விலைகொடுத்துக் கற்று மறந்ததை மறுபடி கற்றதற்கான செலவு என்றே சொல்ல வேண்டும்.

கார்கில் போருக்குப் பிந்தைய முப்பதாண்டு நீர்மூழ்கித் திட்டம், 2030-க்குள் 24 நீர்மூழ்கிகள் கட்டப்படும் என்றது. அதன் முதல் தவணைதான் இந்த ஆறு. தொடக்க மதிப்பு 18,798 கோடி ரூபாய், பின்னர் 23,562 கோடியாகத் திருத்தப்பட்டது. முதல் கப்பல் 2012-இல் தயாராக வேண்டும். கருவிகள், உதிரிகள் வாங்கும் ஒப்பந்தங்கள் பிந்தியதால் ஐந்தாண்டு தள்ளிப்போனது. வேலையின் நெருக்கடியை ஒரு கணக்கால் காட்டலாம்: அந்தக் குறுகிய உடலுக்குள் சுமார் 60 கிலோமீட்டர் மின்கம்பியும் 11 கிலோமீட்டர் குழாயும் போக வேண்டும். முதலில் எதைப் பொருத்துவது என்ற வரிசை தப்பினால், போட்டதைக் கழற்றித்தான் மறுபடி போட வேண்டியிருக்கும்.

ஆயுதப் பக்கம் குறை உண்டு. ஆறு டார்பிடோ குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே எக்ஸோசே ஏவுகணையையும் ஏவலாம். ஆனால் இத்தாலிய பிளாக் ஷார்க் டார்பிடோ வாங்கும் பேரம், அதைத் தயாரிக்கும் குழுமத்தின் ஹெலிகாப்டர் ஊழல் விவகாரத்தால் கைவிடப்பட்டது. அதனால் ஜெர்மானியக் கப்பல்களுக்கென முன்பு வாங்கிய பழைய டார்பிடோக்களையே கல்வரிகள் சுமக்கின்றன. 2016-இல் ஸ்கார்பீன் ஆவணங்கள் 22,000 பக்கத்துக்கு மேல் ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்றின் வழியே வெளியாயின. பரபரப்பு பெரிது, ஆனால் கட்டுமானம் நிற்கவில்லை.

காற்றில்லா உந்துவிசை அமைப்பு இருந்தால் மேலே வராமல் பல நாள் நீருக்கடியில் இருக்கலாம். இந்தியா தன் அமைப்பை அம்பர்நாத்தில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகத்தில் எரிபொருள் கலம் கொண்டு உருவாக்குகிறது. ஆறு கப்பல்களும் அது இல்லாமலேதான் கடலுக்குப் போயின. அதைப் பொருத்தும் பகுதியைக் கட்டவும், உள்நாட்டு மின்சார டார்பிடோவை இணைக்கவும் 2024 டிசம்பர் 30 அன்று தனித்தனி ஒப்பந்தங்கள் போடப்பட்டன. மொத்தம் 2,867 கோடி ரூபாய்.

சேவையில் நேர்ந்த ஒரு விபத்தை மீனவர் தரப்பிலிருந்து பார்க்காமல் விட முடியாது. 2024 நவம்பர் 21 அன்று கோவாவுக்கு அப்பால் சுமார் 70 கடல் மைலில், மார்த்தோமா என்ற மீன்பிடிப் படகு ஸ்கார்பீன் வகை நீர்மூழ்கியோடு மோதி மூழ்கியது. படகில் 13 பேர். 11 பேர் காப்பாற்றப்பட்டனர். மற்ற இருவரும் இறந்தனர். மேற்பரப்பை ஒட்டி ஊரும் நீர்மூழ்கியின் இரைச்சலும் உருவமும் சிறியவை. படகோட்டி கண்டு ஒதுங்கச் சந்தர்ப்பமே கிடைக்காமல் போகலாம். ஒதுங்கும் பொறுப்பு சோனாரும் பெரிஸ்கோப்பும் வைத்திருப்பவர்களையே பெரிதும் சாரும்.

அடுத்த கட்டம் திட்டம் 75(ஐ): காற்றில்லா உந்துவிசையோடு ஆறு புதிய கப்பல்கள். 2021-இல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. மசகானும் ஜெர்மனியின் தைசன்குரூப் நிறுவனமும் ஓர் அணியாகவும், எல் அண்ட் டி-யும் ஸ்பெயினின் நவாந்தியாவும் மற்றோர் அணியாகவும் போட்டியிட்டன. 2025 ஜனவரியில் இரண்டாம் அணி நிராகரிக்கப்பட்டது, பின்னர் மசகான் அணியோடு பேச்சு தொடங்கியது. மேலும் மூன்று ஸ்கார்பீன் வாங்க 2023 ஜூலையில் பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் குழு ஒப்புதல் தந்தது. கல்வரி வரிசையின் கடைசிக் கப்பலும் தளத்தைவிட்டுப் போய்விட்ட நிலையில், இந்த இரண்டு ஒப்பந்தங்களில் எது முதலில் வருகிறது என்பதைப் பொறுத்தே மசகானின் பற்றவைப்போருக்கு வேலை தொடரும்.