இறப்புப் பதிவேடும் குடிநீர்க் குழாயும்: லண்டன் காலரா ஆய்வுகள், 1849–1866

மக்களின் உடல்நலத்தைப் பதிவேடுகளைக் கொண்டும் சூழல் தரவுகளைக் கொண்டும் ஆராயும் முறையின் தொடக்கத்தைச் சொல்லும்போது, 1854 செப்டம்பரில் லண்டன் பிராட் தெருவில் காலராவைத் தடுக்க அடிபம்பின் கைப்பிடி கழற்றப்பட்டதையே பலரும் எடுத்துக்காட்டுவர். ஆனால், முறையியல் நோக்கில் பெரிய திருப்பம் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில்தான் நிகழ்ந்தது. ஒவ்வொரு சாவோடும் அந்த வீட்டார் குடித்த நீர் எது என்ற விவரம் அங்கேதான் முதன்முதலில் பெரிய அளவில் இணைக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்புகளைப் பதிவுசெய்யும் சட்டம் 1837 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தலைமைப் பதிவகத்தில் புள்ளிவிவரப் பொறுப்பில் இருந்த வில்லியம் ஃபார், 1848–49 காலராச் சாவுகளை ஆராய்ந்து 1852இல் அறிக்கை வெளியிட்டார். தேம்ஸ் மட்டத்திலிருந்து 20 அடிக்கும் குறைவான உயரத்தில் இருந்த பகுதிகளில் பத்தாயிரம் பேருக்கு 102 பேர் இறந்திருந்தனர்; 100 முதல் 120 அடி வரை உயரமுள்ள பகுதிகளிலோ 17 பேர். தாழ்ந்த இடத்தில் தேங்கும் கெட்ட காற்றே காரணம் என்று அவர் கருதினார். கணக்கில் பிழையில்லை. தாழ்ந்த பகுதியினர் பலர் கழிவு கலந்த ஆற்றுநீரைக் குடித்தார்கள் என்பதும் அதே எண்களுக்குள் இருந்தது. ஆனால் வட்டாரம் வட்டாரமாகக் கூட்டிய தொகை, காற்றையும் நீரையும் பிரித்துக் காட்டாது.

அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு தற்செயலாக அமைந்தது. லாம்பெத் குடிநீர் நிறுவனம் 1852இல் நீரெடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்பகுதியில் தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றியது. சதர்க் – வாக்ஸால் நிறுவனமோ நகரக் கழிவு கலக்கும் பேட்டர்சீயிலேயே தொடர்ந்து நீர் எடுத்தது. இரு நிறுவனங்களின் குழாய்களும் ஒரே தெருவில் ஓடின. அடுத்தடுத்த வீடுகளுக்குக்கூட வெவ்வேறு நீர் போயிற்று. ஏழை, பணக்காரர் என்ற பிரிவு இதில் இல்லை. 3 லட்சம் பேர் தாம் அறியாமலே இரு கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள் என்பதை மருத்துவர் ஜான் ஸ்நோ உணர்ந்தார்.

1854இல் காலரா மீண்டும் பரவியபோது, பதிவகத்தில் சாவு நடந்த வீடுகளின் முகவரிகளைப் பெற்று, அவர் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். குடியிருப்போர் பலருக்கு நீர் எந்த நிறுவனத்துடையது என்றே தெரியாது. வரி கட்டிய ரசீது வீட்டு உரிமையாளரிடம் இருக்கும். அங்கே ஸ்நோவுக்குக் கைகொடுத்தது உப்பு. கடல் ஓதம் ஏறிவரும் பேட்டர்சீ நீரில் கேலனுக்கு 37.9 கிரெயின் உப்பு. தேம்ஸ் டிட்டன் நீரில் 0.95 மட்டுமே. வீட்டு நீரைச் சிறு குப்பியில் பிடித்து, வெள்ளி நைட்ரேட் சேர்த்துப் பார்த்தால் போதும்: தேம்ஸ் டிட்டன் நீர் லேசாக மங்கும், பேட்டர்சீ நீர் வெண்மையாகத் திரண்டு படியும். சூழலை அளக்கும் சோதனை இறப்புப் பதிவின் ஒவ்வொரு வரியோடும் பொருந்தியது இவ்விடத்தில்தான். இந்த வரலாற்றில் இதைவிட நுட்பமான செயல் வேறில்லை என்பேன்.

1854 கோடையில் பரவிய காலராவின் முதல் ஏழு வாரக் கணக்கு: சதர்க் – வாக்ஸால் நீர் சென்ற 40,046 வீடுகளில் 1,263 சாவுகள், அதாவது பத்தாயிரம் வீடுகளுக்கு 315. லாம்பெத் நீர் சென்ற 26,107 வீடுகளில் 98 சாவுகள், பத்தாயிரத்துக்கு 37. ஆகஸ்ட் இறுதியிலிருந்து, காலராவால் யார் இறந்தாலும் அந்த வீட்டுக்கு எந்த நீர் என்பதையும் விசாரித்து எழுதுமாறு ஃபார் தென்கரைப் பதிவாளர்களைப் பணித்தார். அவர்களிடம் சோதனைக் குப்பி இல்லாததால் பல இடங்களில் நிறுவனத்தை உறுதிசெய்ய முடியவில்லை. எனினும், கெட்ட காற்றை நம்பிய ஒருவர் தம் கருத்தைத் தவறாக்கக்கூடிய விவரத்தைத் தாமே கேட்டுப் பெற்றார். ஆய்வறம் என்பது இதுதான்.

ஸ்நோ 1858இல் மறைந்தார். 1866இல் மீண்டும் காலரா வந்தபோது, சாவுகள் கிழக்கு லண்டனில் ஒரு நிறுவனத்தின் நீர் பாயும் பகுதிக்குள் குவிவதை ஃபாரின் வாரக் கணக்குகளே காட்டின. நோய் பரவிக்கொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 1 அன்று, காய்ச்சாத நீரைக் குடிக்க வேண்டாம் என்று லைம்ஹவுஸில் சுவரொட்டி ஒட்டப்பட்டது. வடிகட்டாத நீரை வழங்கியதே இல்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆனால் வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன்கள் அகப்பட்டன. ஓல்ட் ஃபோர்டில் அந்நிறுவனத்தின் மூடப்படாத நீர்த்தேக்கத்திலிருந்து நீர் குழாய்களுக்குள் வந்திருப்பதை தொற்றுநோய் ஆய்வாளர் நெட்டன் ராட்கிளிஃப் நடத்திய விசாரணை வெளிக்கொணர்ந்தது.